பாட்டு பங்களாவில் பிள்ளை கனத்த கதை

நிலாவாரை இலையை வாங்க ஆள் இல்லாமல் ஊர் முழுக்க மூட்டை மூட்டையாகக் காய்ந்து கிடந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விளக்கு வைக்கிற நேரத்தில், மணல்துறை பாட்டு பங்களாவின் வாசற்படியில் வைத்து என் பிள்ளை கனத்துப்போனாள்.

காலையில் வரும்போது அவள் ஏழு கிலோ இருநூறு கிராம். அங்கன்வாடி டீச்சர் தராசில் தொங்கவிட்டு அட்டையில் எழுதித் தந்த எடை அது. எட்டு மாசப் பிள்ளை, பேர் நிறைமதி, கூப்பிடுவது மதி. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கீழக்காலனியிலிருந்து பாலம் தாண்டி மேலத்தெரு வழியாக வேலைக்கு வந்தேன். அவள் ஓலைப்பெட்டிக்குள் உட்கார்ந்து பங்களாவில் ஊதுகிற ஆட்டுக்கொம்பு ஒன்றைச் சப்பிக்கொண்டிருக்க, பதினோரு அறையையும் துடைத்தேன், துடைத்த தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினேன், பங்களாக்காரர் சிப்போரா மேடம் இரண்டு விளக்கை ஏற்றிக் கண்ணைக் கையால் மூடி முணுமுணுத்து முடிக்கும்வரை கதவோரம் நின்றேன். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்து வலது காலை வெளியே எடுத்து வைத்தேன். அந்த ஓரடிக்குள் அவள் அம்மிக்கல் ஆனாள், அம்மி ஆட்டுரல் ஆனது, ஆட்டுரல் கிணற்றுக்குக் கட்டின சுவர் மாதிரி ஆனது, என் இடுப்பு ஒரு பக்கமாக இறங்கி முட்டி மடங்கியது. காலை உள்ளே இழுத்தேன். உள்ளே வந்ததும் பழையபடி ஏழு கிலோ இருநூறு. என் மஞ்சள் கயிற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மோளே, போகலையா?" என்றார் மேடம். அவர் கொச்சிக்காரர், தமிழை மலையாளத்தில் தொட்டுத் தொட்டுப் பேசுவார்.

"பிள்ளை கனக்கா மேடம்."

அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டு படி தாண்டிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். கொல்லை வாசலில் முயன்றோம், அங்கேயும் அதே கனம். என் வீட்டுக்காரர் கொம்பையா, ஊருக்கெல்லாம் கேபிள் டிவி வயர் இழுத்துக் கொடுப்பவர், சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கை நீட்டி வாங்கப் பார்த்தார், தோள்பட்டை பிசகி மூன்று நாள் எண்ணெய் போட்டுக்கொண்டு கிடந்தார்.

"எங்க வழக்கத்துல ஓய்வு நாள் அன்னைக்கு வீட்டுக்குள்ள இருக்கறதை வெளியே சுமக்கக் கூடாது, கேட்டோ," என்றார் மேடம். "வெள்ளி சாயந்திரம் தொடங்கும், சனி சாயந்திரம் தீரும். நாளைக்கு வானத்துல நட்சத்திரம் மூணு தெரிஞ்சதும் நீ போயிடலாம்."

மறுநாள் நட்சத்திரம் மூன்று தெரிந்தது, முப்பது தெரிந்தது, பிள்ளை கனம் குறையவில்லை. ஞாயிறும் கனத்தாள், திங்களும் கனத்தாள். செவ்வாய்க்கிழமை மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வீட்டுக்கு வயசாச்சு. நாற்பது வருஷம் பூட்டிக் கிடந்ததுல கிழமை மறந்துபோச்சு. எல்லா நாளும் அதுக்கு ஓய்வு நாளாயிடுச்சு," என்றார். துடைப்பம் வெளியே போனது, குப்பைக்கூடை போனது, மேடத்தின் பெட்டி போனது, பிள்ளை மட்டும் போகவில்லையே என்று பால்காரர் கேட்டார். பிறகு அவரே, "பிடிச்சதைத்தானே பிடிச்சு வைக்கும்," என்று சொல்லிவிட்டு சைக்கிள் மிதித்துப் போனார். அதற்கு மேல் ஊரில் யாரும் அதைக் கிண்டவில்லை.

அந்த பங்களாவைக் கட்டியவர் நிலாவாரை இலையை மூட்டை கட்டிக் கப்பலேற்றிய யூத வியாபாரி. அவர் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்களும் கப்பலேறிப் போய்விட, வீடு வௌவாலுக்கும் உப்புக்காற்றுக்கும் சொந்தமாகிக் கிடந்தது. பிறகு அந்த வியாபாரியின் தம்பி வழிப் பேத்தியான சிப்போரா மேடம் வந்து பூட்டை உடைத்துத் திறந்து, சுண்ணாம்பு அடித்து, அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் தொட்டிலுக்கும் பாடின பாட்டுகளைக் கையால் எழுதி வைத்த நோட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, ஆட்டுக்கொம்பும் தம்பட்டமும் கழுத்து வளைந்த தந்தி வாத்தியமும் சுவரில் மாட்டி, யூத இசைக்கும் பண்பாட்டுக்குமான மையம் என்று பலகை வைத்தார். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்து பாடினார்கள், எழுதிக்கொண்டார்கள், மெஷினில் பிடித்துக்கொண்டார்கள். ஊர் அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் பாட்டு பங்களா என்று சுருக்கிக்கொண்டது. வாசல் நிலையில் சாய்வாகப் பதித்திருந்த, அவர்கள் வேத வரிகளைச் சுருட்டி வைத்த விரல் நீளக் குழலைத் துடைப்பதும் என் வேலை. அதை மட்டும் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

இப்போது நான் அங்கேயே தங்கினேன். சமையலறைக்குப் பின்னால் விறகு வைத்திருந்த அறையில் என் சேலையில் தொட்டில் கட்டினேன். ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், அங்கன்வாடி டீச்சர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் ஒரு எடை, வாசற்படியில் ஒரு எடை என்று இரண்டு வரி எழுதினார், வாசற்படியில் தராசின் கொக்கி நிமிர்ந்துவிட்டதால் இரண்டாவது வரியில் கோடு போட்டார். சொட்டு மருந்து போடுகிற நர்சு, "இனி நான்தான் இங்க வரணுமா, வெயிலுக்கு," என்று சலித்துக்கொண்டே மாசாமாசம் வந்தாள். எடை ஏறாத பிள்ளை வைத்திருந்த தாய்மார்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தங்கள் பிள்ளைகளை அந்தப் படியில் உட்கார வைத்து, கனக்குதா கனக்குதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, கனக்காமல், பெருமூச்சோடு பஸ் ஏறினார்கள். மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்து, "ஏட்டி பவுனு, ராணி மாதிரி பங்களாவுல இருக்க, எங்களையெல்லாம் மறந்துராத," என்று கேலி செய்து ஒரு கை நெத்திலி அள்ளிப் போட்டாள்.

நான் ராணி மாதிரி இருக்கவில்லை. எனக்கு வெளியே போகத் தடை இல்லை, யாரும் என்னைப் பூட்டவில்லை, வாசல் திறந்தே கிடந்தது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இறங்கி நடப்பேன். மேலத்தெரு தாண்டிப் பாலத்தில் கால் வைக்கும்போது, அங்கிருந்து பார்த்தால் என் வீட்டு ஓடு தெரியும், மார் கனத்துப் பால் இறங்கிச் சட்டை நனைந்துவிடும், உடனே திரும்பி ஓடுவேன். ஒவ்வொரு நாளும் அதே பாலம், அதே ஈரம், அதே ஓட்டம். என்னைப் பிள்ளையோடு கட்டின கயிறு என் மாரில் இருந்தது. அதன் நீளம் எனக்குத் தெரிந்துபோனது. வீட்டில் நான் ஏற்றாத அடுப்பு, நான் பெருக்காத முற்றம், கொம்பையா தானே பொங்கித் தானே தின்ற சோறு. சாயந்திரம் அவர் வந்து கொல்லைப்படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் படம் தெரியவில்லை, எந்த வீட்டில் வயரை எலி கடித்தது என்று மேலத்தெரு வீடுகளையும் காலனி வீடுகளையும் வரிசையாகச் சொல்லுவார். பேச வேறு ஒன்றும் இல்லாததால் அதையே தினமும் சொல்லுவார், கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வரிசை மனப்பாடம் ஆனது. பிள்ளை எனக்குத் தெரியாத மொழிப் பாட்டுக்குத் தலையாட்டித் தூங்கப் பழகினாள். நான் பாடினால் முழித்துக்கொண்டாள்.

வைகாசி பிறந்ததும் தாணுமூர்த்தி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மேலத்தெரு அவரை அண்ணாச்சி என்கும், நாங்கள் மொதலாளி என்போம், கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"மேடம், ஒரு விஷயம்," என்றார். "பகல்ல வந்து துடைச்சுட்டுப் போறது வேற. இப்ப இந்தப் பொண்ணு நம்ம தெருவுல உலை வைக்கா. ஆனி பதினஞ்சு தேருக்குக் கொடி ஏறுது. கொடி ஏறுனா காலனி ஆளு தெருவுல தங்கக் கூடாது. நான் போட்ட சட்டம் இல்ல, வழக்கம்."

"பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போவா?" என்றார் மேடம். "மூணு நாலு மாசம் பொறுங்க. நடக்க ஆரம்பிச்சா பிள்ளை தானா நடந்து போயிடும். தானா நடக்கறதுக்குத் தடை இல்லை, சுமக்கறதுக்குத்தான்."

"தேரு அதுவரைக்கும் பொறுக்காது மேடம். பிள்ளை இருக்கட்டும். பிள்ளைக்கு என்ன தெரியும், அது தெய்வம். என் வீட்டம்மா பாத்துக்கிடுவா. இவ போவட்டும்."

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பெரியவர்கள் பேசும்போது என் வாயில் சத்தம் வந்ததே இல்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயந்திரம் மேடம் பழைய பெட்டி ஒன்றிலிருந்து நூல்கண்டு ஒன்றை எடுத்து வந்து கொல்லைப்படியில் வைத்தார். "ஒரு வழி உண்டு," என்றார். தங்கள் ஆட்கள் வாழ்ந்த ஊர்களில் செய்வது, என்றார். வீடுகளைச் சுற்றிக் கம்பம் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் கயிறு இழுத்துவிட்டால், உள்ளே இருக்கிற தெருவெல்லாம் சேர்ந்து ஒரே வீடு. ஒரே வீட்டுக்குள் எதையும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம்.

கொம்பையா சிரித்துவிட்டார். "கம்பம் நடணுமா மேடம்? ஊரே ஏற்கனவே என் வயர்லதான தொங்குது!"

மூன்று நாளில் இழுத்தார். பங்களாவில் தொடங்கி, மேலத்தெருவைச் சுற்றி, பாலம் தாண்டி, கீழக்காலனியின் கடைசி வீட்டைச் சுற்றி, பஸ் நிற்கிற வேம்பு வரைக்கும் போய், ஓடைக்கரை வழியாகத் திரும்பி பங்களாவில் முடித்தார். ஏணி கொடுத்தது தாணுமூர்த்தி. நான் தெருவைவிட்டுப் போகவேண்டும் என்று தெருவுக்கே அவசரம். எல்லோர் வீட்டு மொட்டை மாடிக்கும் கொம்பையா வெளி ஏணி வழியாக ஏறினார். மாடியில் ஏறலாம், வாசற்படி ஏறக் கூடாது, அது எங்களுக்குப் பழகினதுதான்.

வயர் முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலை வெளியே வைத்தேன். ஆட்டுரல். மேடம் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தார்.

"கொம்பையா, வயரைக் கம்பத்தோட பக்கத்துல கிளிப் அடிச்சிருக்கே."

"அப்படித்தான மேடம் அடிப்போம். காத்துக்கு ஆடாது."

"இது வாசல், கேட்டோ. ரெண்டு கம்பம் ரெண்டு நிலைக்கால், வயர் மேல்கட்டை. உன் வீட்டு வாசல்ல மேல்கட்டை எங்க இருக்கு, பக்கத்துலயா தலைமேலயா?"

கொம்பையா நாக்கைக் கடித்துக்கொண்டு, அறுபத்தெட்டுக் கம்பத்திலும் மறுபடி ஏறி, அறுபத்தெட்டின் தலைமேலும் வயரைக் கிடத்தினார். போகிற போக்கில் பழைய கேபிள் இணைப்புகளையும் அந்தப் புது வயரிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார். படம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்று தெரு சந்தோஷப்பட்டது.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றார் மேடம். "வயருக்குள்ள இருக்கற ஒவ்வொரு வீடும் ஒரு பிடி மாவு தரணும். எல்லா மாவும் சேர்த்து ஒரே ரொட்டி சுட்டு ஒரு வீட்டுல வைக்கணும். அது எல்லாருக்கும் சொந்தம். ஒரே ரொட்டிக்குச் சொந்தக்காரங்க ஒரே வீட்டுக்காரங்க. எங்க பாஷையில இதுக்குக் கலப்புன்னு பேரு."

"அந்தப் பேரை எங்க தெருவுல சொல்லாதீங்க மேடம்," என்றார் தாணுமூர்த்தி.

மாவு வந்தது. மேலத்தெரு நாற்பத்திரண்டு வீட்டு மாவும் எவர்சில்வர் அண்டாவில் முன்வாசல் வழியாக வந்தது. காலனி முப்பத்தோரு வீட்டு மாவும் பிளாஸ்டிக் வாளியில் கொல்லைவாசல் வழியாக வந்தது. எல்லாம் ஒரே ரேஷன் கடைக் கோதுமை, ஒரே மில்லில் அரைத்தது. மேடம் அண்டாவையும் வாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தாணுமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு ரொட்டியாச் சுடுங்க. ரெண்டும் ஒரே அலமாரியிலதான இருக்கப்போவுது? மேல் தட்டுல ஒண்ணு, கீழ்த் தட்டுல ஒண்ணு. யாரு என்ன சொல்லப்போறா?"

மேடம் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சுவரில் மாட்டின வாத்தியங்களைப் பார்த்தார். "எனக்கும் இந்த ஊர்ல இருக்கணுமே," என்று மலையாளத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார். உப்பில்லாமல், புளிக்காமல், முள்கரண்டியால் குத்திக் குத்தி, வறட்டி மாதிரி விறைப்பான இரண்டு ரொட்டி. நோட்டுகளுக்கு நடுவே மேல் தட்டில் ஒன்றும் கீழ்த் தட்டில் ஒன்றும் வைத்தோம்.

அன்றைக்குப் பிள்ளையோடு படி தாண்டினேன். அவள் ஏழரைக் கிலோவாகவே இருந்தாள். தெருவெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தது. வெயிலைப் பார்த்து அவள் கண்ணைச் சுருக்கினாள், ஆட்டைப் பார்த்துக் கத்தினாள், அரிசிக்கடை தாண்டினோம், கோயில் முக்கு தாண்டினோம், கொம்பையா முன்னால் நடந்து திரும்பித் திரும்பிச் சிரித்தார். பாலத்தின் முதல் கல்லில் கால் வைத்தேன். அம்மி ஆட்டுரலாகி, ஆட்டுரல் சுவராகி, நான் பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எதிரே என் வீட்டு ஓடு. தலைமேலே வயர் எந்தக் குறையும் இல்லாமல் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் போனது.

பங்களா மேலத்தெருவோடு சேர்ந்துவிட்டது, காலனி காலனியோடு சேர்ந்துகொண்டது. பிள்ளை மேல் தட்டு ரொட்டிக்குள் இருந்தாள்.

"பரவாயில்ல," என்றார் தாணுமூர்த்தி. "பிள்ளை தெருவுக்குள்ள வந்துட்டுல்லா. இனி பங்களாவுலதான் இருக்கணும்னு இல்ல."

அன்றிலிருந்து நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தாணுமூர்த்தியின் மனைவி பிரம்மசக்தி அம்மா தினமும் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போவார். கெட்டவர் இல்லை. பிள்ளை இல்லாதவர், பவுடர் போட்டு, பொட்டு வைத்து, தன் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வார். அவர் வீட்டுக்குள் என் பிள்ளை போகலாம், நான் போகக் கூடாது. நான் படிக்குக் கீழே தெருவில் நிற்பேன். உள்ளே அவள் பசித்து அழுவாள், எனக்கு வெளியே சட்டை நனையும். "பிஸ்கட் கரைச்சுக் குடுத்துட்டேன், பழகிருவா, நீ போட்டி," என்று ஜன்னலிலிருந்து சொல்லுவார். போகமாட்டேன். முதலில் ஒரு வீட்டுக்குள் அகப்பட்டிருந்தோம், அப்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தோம். இப்போது அவள் ஒரு தெருவுக்குள், நான் அந்தத் தெருவின் வெயிலுக்குள்.

ஆனி பதினான்கு. மறுநாள் கொடி. மத்தியானம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நின்றபோது தாணுமூர்த்தி சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். "சாயந்திரம் நீ கெளம்பிரு. பிள்ளை இங்கன இருக்கட்டும். பால் மறக்கிற வயசுதான."

நான் திரும்பி நடந்தேன். பங்களாவுக்கு வந்தேன். கண்ணாடி அலமாரியைத் திறந்து மேல் தட்டு ரொட்டியை எடுத்தேன், கீழ்த் தட்டு ரொட்டியை எடுத்தேன், இரண்டையும் ஒடித்து உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினேன். உலக்கைச் சத்தம் கேட்டு மேடம் வந்து சமையலறை வாசலில் நின்றார். நான் நிறுத்தவில்லை. அவர் கூடத்துக்குப் போனார், ஆர்மோனியத்தைத் திறந்தார், நாலு நாள் முன்னால் வந்திருந்த பாட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, உலக்கை விழுகிற தாளத்துக்குக் கல்யாணப் பாட்டு ஒன்றை வீடு அதிரப் பாடினார். தெருவில் போனவர்கள், இன்றைக்கு என்ன மத்தியானமே ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். எது யார் மாவு என்று என் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இடித்தேன், சலித்தேன், தண்ணீர் விட்டுப் பிசைந்தேன், தட்டினேன், முள்கரண்டியால் குத்தினேன், சுட்டேன்.

மேடம் வேர்த்து வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டார். "அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும் மோளே. பயந்துட்டேன்."

"இது செல்லுமா மேடம்?"

"அன்னைக்கு அவங்களே சம்மதிச்சுத் தந்தாங்க. இதை ஒளிச்சு வச்சா செல்லாது. யாராவது கையில ஏந்தி, எல்லார் பேரையும் வாய் திறந்து சொல்லி, அவங்களுக்காகன்னு ஏத்துக்கணும். நல்லதுக்குன்னா அவங்களைக் கேட்காமலே அவங்களுக்காகக் கொடுக்கலாம், அது எங்க சட்டம்."

"நீங்க சொல்லுங்க மேடம்."

"எனக்கு எல்லா வீட்டுப் பேரும் தெரியாதே."

எனக்குத் தெரியும்.

தாணுமூர்த்தி வீட்டுப் படிக்குக் கீழே போய் நின்றேன். ரொட்டி சுடச்சுட கையில் இருந்தது. முதலில் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. உள்ளே பிள்ளை அழுதாள். வந்துவிட்டது.

"தாணுமூர்த்தி வீட்டு மாவு," என்றேன். "ஆவுடையப்பன் வீட்டு மாவு. லாரி ஓட்டுற ஏசுவடியான் வீட்டு மாவு. அரிசிக்கடை சங்கரமூர்த்தி வீட்டு மாவு. நர்சுக்குப் படிக்கிற ரோசாப்பூ வீட்டு மாவு. சிப்போரா மேடம் வீட்டு மாவு. கொம்பையா வீட்டு மாவு." எலி கடித்த வீடு, படம் தெரியாத வீடு, ஆன்டெனா சாய்ந்த வீடு என்று கொம்பையா சொன்ன வரிசையில், மேலத்தெருவையும் காலனியையும் கலந்து கலந்து, கொல்லைப்படியில் நான் கேட்டுக் கேட்டுப் பழகின எழுபத்து மூன்று பேரையும் சொன்னேன். மேலத்தெருப் பேர்களை மொதலாளி என்று சேர்க்காமல் என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். கடைசியில், "எல்லாருக்குமாச் சேர்த்து வாங்கிக்கிட்டேன். இது எல்லாருக்கும் சொந்தம்," என்று முடித்தேன்.

தாணுமூர்த்தி படியில் இறங்கி வந்து ரொட்டியைப் பார்த்தார். "கலந்துட்டியா?"

"ஆமா."

"யாரைக் கேட்டுக் கலந்த? எங்க மாவைத் தனியா எடுத்துக் குடு."

"பிரிச்சுப் பாருங்க அண்ணாச்சி," என்று ரொட்டியை நீட்டினேன்.

அவர் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. தொடவும் முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை, அதில் அவர் மாவும் இருந்தது. அவர் வயரை அண்ணாந்து பார்த்தார். பக்கத்துக் கம்பத்தின் உச்சியில் கொம்பையா உட்கார்ந்திருந்தார். "வெட்டிரலாம் மொதலாளி," என்று அவர் மேலேயிருந்து பணிவாகச் சொன்னார், "ஆனா ஏழரை மணி சீரியல் போயிரும். மொத்தத் தெருவுக்கும் லைன் இதுலதான் ஓடுது." கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

பிரம்மசக்தி அம்மா பிள்ளையோடு வாசலுக்கு வந்தார். பிள்ளை என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி முழு உடம்போடு பாய்ந்தாள். அவர் இறுக்கிப் பிடித்தார், பிறகு ரொட்டியைப் பார்த்தார்.

"இதுல என் கை மாவும் இருக்காட்டி?"

"இருக்கும்மா."

"ஒரு பிடிதான் கேட்டாங்க. நான் ரெண்டு பிடி போட்டேன்," என்றார், யாரிடமோ முறையிடுவதுபோல. மூன்று படி இறங்கினார், தெருவில் நின்ற என்னிடம் பிள்ளையைக் கொடுத்தார், அவர் விரல் என் கையில் பட்டது, அவர் அதை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

ரொட்டியைப் பின்னால் வந்து நின்ற மேடத்திடம் கொடுத்துவிட்டு நடந்தேன். பாலத்தின் முதல் கல்லில் கால் வைத்தபோது பின்னால் மொத்தத் தெருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு முதுகில் தெரிந்தது. பிள்ளை கனக்கவில்லை. இரண்டாவது கல், மூன்றாவது கல். நான் குனியாமல் போவதைப் பார்க்கப் பார்க்க, தாங்கள் யாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் கொடி ஏறியது, தேரும் ஓடியது. ரொட்டி நடுத் தட்டில் இருக்கிறது. இரண்டு மூன்று வீட்டில் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்கள், ஆனாலும் அதே வீட்டின் உள்ளறையைத்தான் சாத்துகிறோம் என்று அவர்களுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் கொம்பையா அண்ணாந்தபடி வயரைச் சுற்றி நடந்து வருகிறார். அறுந்தால் பிள்ளை நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவாள். வயருக்கு வெளியே எனக்கு அவள் இன்னும் ஆட்டுரல்தான். பஸ் நிற்கிற வேம்போடு எங்கள் வீடு முடிந்துவிடுகிறது. அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று எத்தனையோ தடவை அந்த வேம்பின் அடியில் போய் நின்று திரும்பியிருக்கிறேன். முதலில் பதினோரு அறை, பிறகு ஒரு தெரு, இப்போது ஒரு ஊர், அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றும்.

ஆவணியில் மதி நடக்கத் தொடங்கினாள். ஒரு காலை, வேம்படியில் என் விரலை உதறிவிட்டு, தலைமேல் போகிற வயரைத் தாண்டி, தானாக நடந்தாள். ஒரு அடி, இரண்டு அடி, ஏழு அடி. நடுரோட்டில் தடுக்கி விழுந்தாள்.

ஓடினேன். கை நீட்டினேன். அங்கே அவளைத் தூக்க முடியாது என்பது என் கைக்கு நினைவு வந்தது. எட்டே கால் பஸ் வந்து எங்களுக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

"ஏம்மா, பிள்ளையைத் தூக்கும்மா!" என்று டிரைவர் கத்தினார்.

"தூக்க முடியாதுண்ணே."

பஸ்ஸுக்குள் மேலத்தெரு ஆட்கள் இருந்தார்கள், காலனி ஆட்களும் இருந்தார்கள், எல்லோரும் ஒரே ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து டிரைவரிடம், "அது அப்படித்தான், பொறுங்க, அது அப்படித்தான்," என்று சொன்னார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார். நான் அவள் பக்கத்தில் தார்ரோட்டில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள், அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள், நான் ஏன் தூக்கவில்லை என்று பார்த்தாள். வேறென்ன செய்ய, பாடினேன். எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டு, பங்களாவில் அவள் முழித்துக்கொள்கிற பாட்டு. அவள் இரண்டு உள்ளங்கையையும் ரோட்டில் ஊன்றினாள், பின்பக்கத்தைத் தூக்கினாள், ஆடினாள், நின்றாள்.

பிறகு வயருக்கு உள்ளே இருந்த வேம்பையும், வெளியே போகிற ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிற்கிற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். நான் எழுந்து, வெறுங்கையோடு, அவள் பின்னால் போனேன்.